திரும்பத் தொழுதவரும் திரும்பத் தொழாதவரும்

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள். மேலப்பாளையத்துப் பள்ளிவாசல் ஒன்றில் அஸர் தொழுகை முடிந்து மக்கள் கலைந்து கொண்டிருந்தனர். ஒரு தந்தையும் அவருடைய மகனும் மட்டும் எழுந்து போகாமல் தூணோரம் அமர்ந்திருந்தனர். நாம் அருகே சென்று ஸலாம் கூறினோம். தந்தை பேச்சைத் தொடங்கினார்.

"ஹஜ்ரத், பையனுக்கு டாக்டர் படிப்புக்கு இடம் கிடைச்சிட்டு. ஆனா அடுத்த வருசம் இன்னொரு தடவை பரீட்சை எழுதணும்னு ஒத்தைக் கால்ல நிக்கான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

நாம் மகனைப் பார்த்தோம். அவ்வாண்டு நம் மஹல்லாவிலிருந்து நீட் தேர்வு எழுதிய பிள்ளைகளில் அவருடைய மதிப்பெண்தான் முதலாவது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கென 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைத்த 3.5 சதவீத ஒதுக்கீட்டில், வடக்கே ஒரு மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியில் அவருக்கு இடம் வந்திருந்தது. அப்படியிருந்தும் அந்தப் பிள்ளையின் முகத்தில் மகிழ்ச்சியில்லை.

"இன்னும் இருபது மார்க் வாங்கியிருந்தா சென்னையிலேயே கிடைச்சிருக்கும் ஹஜ்ரத். என் கூடப் படிச்சவனுக்குக் கிடைச்சிருக்கு" என்றார்.

எழுதலாம் என்றோ வேண்டாம் என்றோ ஒரு சொல்லில் பதில் கூற நமக்கு நா எழவில்லை. மறுநாள் இஷாவுக்குப் பின் வரும்படி சொல்லி அனுப்பினோம். அன்றிரவு நாம் எண்ணிப் பார்த்தவற்றையும், மறுநாள் அவர்களிடம் கூறியவற்றையும் இங்கே எழுதுகிறோம். இந்தக் கேள்வி அந்த ஒரு வீட்டுக் கேள்வி அன்று. ஆண்டுதோறும் சூன், சூலை மாதங்களில் நம் வீடுகள் பலவற்றில் இரவு உணவுக்குப் பின் எழுகின்ற கேள்வி இது.

தாழ்ப்பாள் இல்லாத கதவு

திரும்பத் தேர்வு எழுதுவது நம் நாட்டுக்குப் புதிதன்று. தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு தமிழ்நாட்டில் 1984-இல் வந்தது. அக்காலத்தில் மேல்நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவர்களும், கூடுதல் மதிப்பெண் வேண்டி மறு ஆண்டு அதே தேர்வைத் திரும்ப எழுதினார்கள். முதன்முறை எழுதும் கிராமத்துப் பிள்ளைக்கு இது அநீதி என்று குரல் எழுந்தது. 2005-ஆம் ஆண்டு சூன் மாதம் அரசு நுழைவுத் தேர்வையும் இந்த மறு வாய்ப்பையும் ஒருங்கே நீக்கி ஆணையிட்டது. உயர் நீதிமன்றம் அதே மாதத்தில் அந்த ஆணையை ரத்துச் செய்தது. பின்னர் 2006-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் 2007 முதல் நுழைவுத் தேர்வு நீங்கியது. 2017 முதல் மருத்துவப் படிப்புக்கு நீட் தேர்வு நம் மாநிலத்திலும் நடைமுறைக்கு வந்தது.

அதன் விளைவை நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் 2021-ஆம் ஆண்டு அறிக்கை எடுத்துக் காட்டிற்று. 2016–17-இல் நம் மாநிலத்து மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் முந்தைய ஆண்டுகளில் பள்ளி முடித்து மீண்டும் முயன்றவர்கள் 12.47 சதவீதம். 2020–21-இல் அது 71.42 சதவீதம் ஆயிற்று. முன்பு எட்டுப் பேரில் ஒருவர் செய்ததை இப்போது பத்துப் பேரில் ஏழு பேர் செய்கிறார்கள்!

இத்தேர்வை இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு இல்லை. மேல் வயது வரம்பும் 2022-இல் எடுக்கப்பட்டு விட்டது. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றால், எங்கே நிற்பது என்பதை மனிதன்தான் தன் உள்ளத்துக்குள் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இதனால்தான் இது மார்க்கக் கேள்வியாகவும் ஆகிறது.

1563 பேரின் முன்னே இரண்டு வழிகள்

அந்தப் பிள்ளை நம்மிடம் வந்த அதே 2024-ஆம் ஆண்டில் நாடே அறிந்த ஒரு நிகழ்ச்சி நடந்தது. மே 5-ஆம் நாள் 23 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நீட் தேர்வு எழுதினார்கள். சூன் 4-இல் முடிவு வந்தபோது 67 பேர் 720-க்கு 720 பெற்றிருந்தனர். சில மையங்களில் தேர்வு நேரம் வீணானதற்கு ஈடாக 1563 பேருக்குக் கருணை மதிப்பெண் வழங்கப்பட்டிருந்தது தெரிய வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. கருணை மதிப்பெண் நீக்கப்பட்டு, அந்த 1563 பேருக்கும் இரண்டு வழிகள் திறந்து விடப்பட்டன. விரும்பினால் சூன் 23-இல் திரும்ப எழுதலாம். விரும்பாவிட்டால் கருணை மதிப்பெண் கழித்து மீதியுள்ளதை ஏற்றுக்கொள்ளலாம்.

813 பேர் திரும்ப எழுதினார்கள். 750 பேர் எழுதவில்லை. ஏறத்தாழப் பாதிக்குப் பாதி! இவர்களில் யார் செய்தது சரி? நாட்டின் உச்ச நீதிமன்றம் இரு சாராரையும் குறை கூறவில்லை.

அதற்குப் பின் நடந்ததும் எண்ணிப் பார்க்கத் தக்கது. மறு தேர்வு முடிந்ததும் 67 என்பது 61 ஆயிற்று. இயற்பியலில் ஒரு கேள்விக்கு எது சரியான விடை என்று நீதிமன்றத்தில் முடிவான பின்னர் அது 17 ஆயிற்று. உலகமே வியந்த முழு மதிப்பெண், ஒரே ஒரு கேள்வியின் விடை மாறியதும் பலரிடமிருந்து நழுவிற்று. அந்தப் பிள்ளைகளின் அறிவு ஒரு குன்றிமணியும் குறையவில்லை. குறைந்தது காகிதத்தில் இருந்த எண் மட்டுமே. இந்த எண்ணையா நாம் பிள்ளையின் தராசாக்கிக் கொள்வது?

நபிகளார் முன் வந்த இருவர்

மேற்சொன்ன இரண்டு வழிகளைப் பற்றிப் படித்தபோது நம் நினைவு மதரஸாவில் ஓதிய ஒரு ஹதீஸின்பால் சென்றது. அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்க, அபூதாவூதிலும் நஸாயீயிலும் இடம்பெற்றுள்ள நிகழ்ச்சி அது.

இரண்டு ஸஹாபாக்கள் பிரயாணம் புறப்பட்டார்கள். தொழுகை நேரம் வந்தது. ஒளுச் செய்யத் தண்ணீர் இல்லை. தூய மண்ணில் தயம்மும் செய்து இருவரும் தொழுதார்கள். தொழுகையின் நேரம் முடியுமுன்பே தண்ணீர் கிடைத்தது. ஒருவர் ஒளுச் செய்து அந்தத் தொழுகையைத் திரும்பத் தொழுதார். மற்றவர் திரும்பத் தொழவில்லை. பின்னர் இருவரும் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து நடந்ததைக் கூறினார்கள்.

திரும்பத் தொழாதவரை, நபிவழியைச் சரியாகப் பற்றியவர் என்று பெருமானார் பாராட்டினார்கள். அவருடைய தொழுகை நிறைவேறிவிட்டது என்றார்கள். திரும்பத் தொழுதவருக்கோ இருமுறை கூலி உண்டு என்று நன்மாராயம் கூறினார்கள்.

இருவரையும் கடிந்து கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆயினும் இருவருக்கும் சொன்ன சொல் ஒன்றன்று. ஒருவருக்குக் கிடைத்தது கூலி. மற்றவருக்குக் கிடைத்தது, நீர் செய்ததே வழி என்னும் அத்தாட்சி. கையிலிருந்ததைக் கொண்டு, கடமைப்பட்ட நேரத்தில், கடமைப்பட்டதைச் செய்தவர் அவர். அது நிறைவேறியதா என்ற ஐயம் அவருக்கு எழவே இல்லை.

தொழுகை வேறு, தேர்வு வேறு என்பது நமக்குத் தெரியாமலில்லை. இதைக் கொண்டு சட்டத் தீர்ப்பு வழங்க நாம் வரவில்லை. மனம் தெளிவதற்காகச் சொல்கிறோம். திரும்பச் செய்வது குற்றமன்று. திரும்பச் செய்யாததும் கோழைத்தனமன்று. எந்த உள்ளத்தோடு செய்கிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது.

ஹவுளில் அமர்ந்த மூன்றாமவர்

மூன்றாவதாக ஒருவரையும் நாம் அறிவோம். எல்லா ஊர்ப் பள்ளிவாசல் ஹவுளிலும் அவரைக் காணலாம். ஜமாஅத் நின்றுவிட்டது, முதல் ரக்அத்தும் போய்விட்டது, அவரோ முழங்கையில் ஓரிடம் நனைந்ததா இல்லையா என்று இன்னும் கழுவிக்கொண்டே இருக்கிறார். ஒளு கூடிவிட்டது. ஆனால் அவருடைய மனம்தான் கூடவில்லை. இதை நம் மார்க்க அறிஞர்கள் பேணுதல் என்று சொல்வதில்லை, வஸ்வாஸ் என்கிறார்கள்.

நல்ல மதிப்பெண் பெற்ற பின்னும் திரும்ப எழுதத் துடிப்பவர் தம்மை ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். நாம் திரும்பத் தொழுத அந்த ஸஹாபியைப் போன்றவரா, அல்லது ஹவுளில் அமர்ந்திருப்பவரைப் போன்றவரா? முன்னவருக்குப் புதிதாகத் தண்ணீர் கிடைத்தது. பின்னவருக்குப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை. பழைய ஐயம் மட்டுமே மிச்சம்.

நம் கதையையும் மறைக்காமல் சொல்லி விடுகிறோம். இருபது ஆண்டுகளுக்கு முன் குர்ஆன் மனனம் முடித்து நாம் தேர்வு கொடுத்தபோது இரண்டாமிடம் வந்தது. மேல் வகுப்புக்குப் போகாமல், இன்னும் ஓராண்டு இருந்து முதலிடம் பெற்றே தீருவது என்று பிடிவாதம் பிடித்தோம். நம் உஸ்தாது, "குர்ஆன் உம் நெஞ்சில் இருக்க வேண்டுமா, பட்டியலில் இருக்க வேண்டுமா?" என்று கேட்டார்கள். நாம் கேட்கவில்லை. ஓராண்டு இருந்தோம்; முதலிடமும் வாங்கினோம். அந்த முதலிடம் எந்த ஆண்டு என்று இன்று நாமே விரல் விட்டு எண்ணித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓதிக் கொடுக்க அழைப்பவர் எவரும் இதுவரை அதைக் கேட்டதில்லை. தவறு முழுவதும் நம்முடையதே.

உயர்ந்ததை நாடுவது பிழையா?

மறுநாள் இதையெல்லாம் நாம் சொல்லிக்கொண்டு வரும்போது அந்தப் பிள்ளை ஒரு கேள்வி கேட்டார். "சுவர்க்கத்தைக் கேட்டா அதிலே மேலான பிர்தௌஸையே கேளுங்கன்னு நபி (ஸல்) அவங்க சொல்லியிருக்காங்களே ஹஜ்ரத்? அப்ப உயர்ந்ததை ஆசைப்படறது எப்படித் தப்பாகும்?"

அறிவான கேள்விதான்! நாம் மகிழ்ந்தோம். உயர்ந்ததை நாடுவது தவறே அன்று. பயனளிப்பதில் பேராவல் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாதவனாகச் சோர்ந்து விடாதே என்பதுதான் நபிமொழியின் கருத்து. கையைக் கட்டிக்கொண்டு இருப்பதற்குத் தவக்குல் என்று பெயரில்லை.

ஆனால் தம்பி, பிர்தௌஸை நீர் கேட்பதால் இன்னொருவருடைய பிர்தௌஸ் குறைந்து போவதில்லை. அங்கே இடங்களுக்கு எண்ணிக்கை இல்லை. இங்கே எண்ணிக்கை இருக்கிறது. எண்ணிக்கை உள்ள இடத்தில் ஒருவர் கை நீட்டும்போது, பக்கத்திலிருப்பவரின் கையையும் பார்த்துக்கொண்டு நீட்ட வேண்டும்.

நாம் இதைச் சொன்னதும் தந்தையின் முகம் சற்று மாறியது. சிறிது நேரம் பேசாதிருந்தவர் மெல்லச் சொன்னார்: "ஹஜ்ரத், இப்ப கிடைச்ச காலேஜ்ல சேத்துட்டு, அங்கேயே இருந்துக்கிட்டு அடுத்த மே மாசம் எழுதட்டும்னு நெனச்சோம். நல்ல மார்க் வந்தா இதை விட்டுரலாம். வராட்டி இது இருக்கே!"

கேட்க வந்த உண்மையான கேள்வி இதுதான். முதல் நாள் அது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

கார் நெல்லும் மடைத் தண்ணீரும்

நம் தாமிரபரணி ஆற்றுப் பாசனத்தை எண்ணிப் பாருங்கள். கார் நெல்லை அறுத்த வயலிலேயே விவசாயி பிசான நெல்லை நடுகிறார். இரண்டாவது நடவு முதல் அறுவடையைப் பழிப்பதாக ஆகாது. கார் நெல் களஞ்சியத்தில் இருக்கிறது. பிசானம் அதனுடன் சேர்கிறது.

நீட் தேர்வு அப்படியன்று. இந்த ஆண்டு மதிப்பெண் இந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே. பொறியியலுக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வை 2019 முதல் ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறார்கள். இரண்டில் மேலானதை எடுத்துக்கொள்ளலாம். இங்கே அவ்வாறு பழையதைக் கொண்டுபோய்ப் புதியதன் பக்கத்தில் வைக்க முடியாது. கிடைத்த இடத்தை விட்டுவிட்டு ஓராண்டு காத்திருந்து எழுதுவது, கார் நெல்லை ஆற்றில் கொட்டிவிட்டுப் பிசானம் நடுவதைப் போன்றது. மழை பெய்தால் நலம். பெய்யாவிட்டால் இரண்டும் இல்லை.

அப்படியானால் நெல்லைக் கொட்டாமல், இடத்தையும் பிடித்துக்கொண்டு எழுதினால் என்ன? அங்கேதான் மடைத் தண்ணீரின் கணக்கு வருகிறது.

நம் ஆற்றில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள். மேலப்பாளையத்தின் ஊடே ஓடும் பாளையங்கால்வாயும் அவற்றில் ஒன்றிலிருந்து பிரிவதுதான். மேல்மடைக்காரர் தம் வயல் நிறைந்த பின்னும் மடையை அடைக்காதிருந்தால் கடைமடைக்காரர் வயல் காய்ந்து போகும். மதீனாவிலும் இத்தகைய வழக்கு நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தது. ஸுபைர் (ரலி) அவர்களுடைய தோட்டம் வாய்க்காலின் மேற்புறத்தில் இருந்தது. உம் தோட்டத்துக்குப் பாய்ச்சிக்கொண்டு, பின்னர் அண்டை வீட்டாருக்குத் தண்ணீரை விட்டுவிடும் என்பதே பெருமானார் முதலில் காட்டிய வழி. இந்த ஹதீஸ் புகாரீயில் உள்ளது. மேல்மடைக்காரருக்கு முதல் உரிமை உண்டு; அந்த உரிமைக்கும் ஓர் அளவு உண்டு என்று இதிலிருந்து நம் இமாம்கள் சட்டம் வகுத்தார்கள்.

மருத்துவக் கல்லூரியில் ஓர் இடமும் ஒரு மடைத் தண்ணீர்தான். கலந்தாய்வின் சுற்றுகள் முடியுமுன் ஒருவர் விட்டுக் கொடுத்தால், பட்டியலில் அடுத்து நிற்கும் பிள்ளைக்கு அது போய்ச் சேரும். அதில் யாருக்கும் தீங்கில்லை. இறுதிச் சுற்றும் முடிந்து, வகுப்புகளும் பல மாதங்கள் நடந்த பிறகு விட்டுவிட்டுப் போனாலோ அந்த இடம் யாருக்கும் பயனில்லாமல் வெறுமையாகக் கிடக்கும். நம் 3.5 சதவீத ஒதுக்கீட்டில் அப்படி ஓர் இடம் வீணானால், அது நம்மிலேயே ஓர் ஏழை வீட்டுப் பிள்ளையின் இடமாகத்தானே இருக்கும்? பட்டியலில் அடுத்த எண்ணில் நின்ற அந்தப் பிள்ளையின் முகம் நமக்குத் தெரியாது. தெரியாததனால் அவருடைய உரிமை இல்லாமற் போய்விடுமா?

நாம் தந்தையிடம் சொன்னோம்: "திரும்ப எழுத நினைத்தால், இடம் அடுத்தவருக்குப் போகும் காலத்திலேயே விட்டுவிட்டு எழுதட்டும். அது துணிவு. சேர்ந்தால், படிக்கும் நிய்யத்தோடு சேரட்டும். அது நன்றி. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவர் வயலைக் காயவிடுவது நமக்குத் தகாது." கலந்தாய்வு விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், எந்த நாள் வரை விட்டுக் கொடுக்கலாம் என்பதையும் அவ்வாண்டு விதியைப் படித்தே தெரிந்துகொள்ளும்படி கூறினோம்.

அடகு போகும் நகை

இன்னொன்றையும் கேட்டோம். "ஓராண்டுப் பயிற்சிக்குப் பணம் எங்கிருந்து வரும்?" தந்தை தலை குனிந்தார். வீட்டில் உம்மாவின் நகையை அடகு வைப்பதாகப் பேச்சு.

சகோதரர்களே, இதை நாம் மெல்லக் கடந்து போக முடியாது. பீடி சுற்றிச் சேர்த்த காசில் வாங்கிய நகை அது. அதை வட்டிக்கு வைத்துப் பிள்ளையின் முதல் ஆண்டுப் படிப்பை நடத்துவதே நெஞ்சை உறுத்தும் காரியம். நல்ல இடம் கையில் இருக்கும்போது, அதைவிடப் பெயர் பெற்ற கல்லூரிக்காக வட்டியின் வாசலில் போய் நிற்பதற்கு என்ன நியாயம் கூறுவோம்? வட்டி வாங்குபவரோடு கொடுப்பவரும் பெருமானாரால் சபிக்கப்பட்டவர்களில் சேர்க்கப்பட்டிருக்கிறாரே! சென்னையில் படித்தாலும் வடகோடி மாவட்டத்தில் படித்தாலும் எம்.பி.பி.எஸ். பட்டம் ஒன்றுதான். காய்ச்சலில் வாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய், எந்தக் கல்லூரி என்று கேட்டுவிட்டா கையை நீட்டுவாள்?

ஆதமுடைய மகனுக்கு ஒரு பள்ளத்தாக்கு நிறையப் பொன் கிடைத்தாலும் இன்னொரு பள்ளத்தாக்கைத் தேடுவான் என்ற கருத்துள்ள நபிமொழியை நாம் அடிக்கடி கேட்கிறோம். கேட்கும்போது வியாபாரிகளைத்தான் நினைத்துக் கொள்கிறோம். மதிப்பெண்ணும் ஒரு பொன்தான். அதன்மீதும் மனிதனுக்குப் பேராசை வரும்.

பத்தமடையிலிருந்து வந்த கேள்வி

இத்துடன் நிறுத்தினால் நாம் பாதி உண்மையைச் சொன்னவர்களாவோம். அதே மாதத்தில் பத்தமடையிலிருந்து ஒரு தாய், தம் மகளை அழைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். கோரைப்பாய் முடைந்து பிழைக்கும் குடும்பம். மகள் பள்ளித் தேர்வில் முதலிடம். நீட் தேர்விலும் நல்ல மதிப்பெண். ஆனால் அரசுக் கல்லூரியின் கடைசி இடம் அவருக்குச் சற்று முன்பே முடிந்துவிட்டது. தனியார் கல்லூரிக் கட்டணம் அவர்களுக்கு எட்டாக்கனி. இன்னும் ஓராண்டு படித்தால் நிச்சயம் எட்டிவிடலாம் என்று ஆசிரியர்கள் கூறுகிறார்கள். உறவினர்களோ, "பொம்பளப் பிள்ளை, எழுதினது போதும், மாப்பிள்ளை பாருங்க" என்கிறார்கள்.

இங்கே நம் பதில் வேறாக இருந்தது. "தாயே, தாராளமாக எழுதட்டும்" என்றோம். இவருடைய கையில் கொட்டுவதற்குக் கார் நெல் ஏதுமில்லை. அடைத்துக்கொண்டிருக்கும் மடையும் இல்லை. கதவு ஒரு விரற்கடை திறந்திருக்கிறது, தள்ளினால் திறக்கும். இதுதான் புதிதாகத் தண்ணீர் கண்டவர் நிலை. வீட்டிலிருந்தே படிக்க ஏற்பாடு செய்து கொண்டார்கள். புத்தகச் செலவுக்கு அவர்கள் மஹல்லா பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் கிடைக்க நாமும் ஒரு கடிதம் எழுதினோம்.

நம் வீடுகளில் நடப்பதை நாமே சொல்ல வேண்டும். ஆண் பிள்ளை என்றால் மூன்றாம் முறைக்கும் நகை அடகு போகிறது. பெண் பிள்ளை என்றால் முதல் முறையோடு புத்தகம் பரண்மேல் ஏறுகிறது. பிள்ளைகளிடையே நீதமாக நடவுங்கள் என்று நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுடைய தந்தைக்குக் கூறப்பட்ட கட்டளை, அன்பளிப்புக்கு மட்டும் உரியதா? வாய்ப்பும் ஓர் அன்பளிப்புத்தானே!

பிள்ளையின் நெஞ்சு தாங்குமா?

எழுதுவதா விடுவதா என்பதற்கு முன் பெற்றோர் பார்க்க வேண்டியது பிள்ளையின் நெஞ்சைத்தான். மேல்நிலைத் தேர்வில் 1200-க்கு 1176 பெற்ற அரியலூர் மாவட்டத்து மாணவி அனிதா, 2017 செப்டம்பர் 1-ஆம் நாள் மறைந்த துயரத்தைத் தமிழகம் மறக்கவில்லை. ஒரு தேர்வு பிள்ளையின் உயிரைவிடப் பெரிதாகத் தோன்றும்படி எந்த வீட்டிலும் பேச்சு வளரக்கூடாது. உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, தனிமையில் ஒடுங்கும் பிள்ளையை இரண்டாம் முறைக்கு உந்தாதீர்கள். முதலில் அருகில் அமருங்கள். மனம் விட்டுப் பேச அரசின் 104 என்ற தொலைபேசி எண்ணும் இருக்கிறது; அதை நாடுவது தவக்குலுக்கு மாறானதன்று.

திரும்ப எழுதினாலும் எழுதாவிட்டாலும் "அன்று அப்படிச் செய்திருந்தால்" என்ற சொல்லை வீட்டிலிருந்து விரட்டுங்கள். அந்தச் சொல் ஷைத்தானுடைய வேலைக்கு வாசல் திறக்கும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

இறுதியாக

இருதரப்புக்கும் நாம் சொன்ன வழிமுறை ஒன்றே. விவரமறிந்தவர்களிடம் மஷ்வரா செய்யுங்கள். மார்க்கம் அறிந்த நம்மைப் போன்றவர்களிடம் மட்டுமன்று, கலந்தாய்வு விதி அறிந்த ஆசிரியர்களிடமும் செய்யுங்கள். பின்னர் இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாரா துஆ ஓதுங்கள். ஒரு சூராவைக் கற்பிப்பது போல் இதனை நபிகளார் கற்பித்ததாக ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள். கனவில் பச்சை தெரிகிறதா, வெள்ளை தெரிகிறதா என்று காத்திருக்க வேண்டாம். மனம் எதன்பால் அமைதி கொள்கிறதோ, வழி எதில் எளிதாகிறதோ அதில் அடியெடுத்து வையுங்கள். வைத்த பின் திரும்பிப் பார்க்காதீர்கள்.

மேலப்பாளையத்துப் பிள்ளை வடக்கே கிடைத்த கல்லூரியிலேயே படிக்கும் நிய்யத்துடன் சேர்ந்தார். முதல் விடுமுறையில் வந்தபோது, மனித உடலின் எலும்புகளைப் பெயர் சொல்லி மனனம் செய்து கொண்டிருப்பதாகக் கூறிச் சிரித்தார். ஒரு வருடத்துக்கு முன் தூணோரம் பார்த்த முகமா இது என்று வியந்தோம்.

பத்தமடைப் பெண் 2025 மே 4-ஆம் நாள் திரும்பத் தேர்வு எழுதினார். அவ்வாண்டுக் கேள்விகள் கடினம். இந்தியா முழுமைக்கும் மிக உயர்ந்த மதிப்பெண்ணே 686-தான். இவருக்கு வந்த மதிப்பெண் முந்தைய ஆண்டைவிடக் குறைவு. தாய் கலங்கி நம்மிடம் தொலைபேசியில் அழுதார். ஆனால் எல்லாருக்கும் குறைந்ததால் இவருடைய தரவரிசை முன்னதைவிட வெகுவாக உயர்ந்திருந்தது. அரசுக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. எண் இறங்கிற்று, கதவு திறந்தது. எண்ணுக்குச் சொந்தமாக எந்த வலிமையும் இல்லை என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

ஒருவர் திரும்பத் தொழவில்லை. ஒருவர் திரும்பத் தொழுதார். இருவருடைய தொழுகையும் கூடிற்று.

வல்ல நாயன் நம் பிள்ளைகளுக்குப் பயனளிக்கும் கல்வியையும், கிடைத்ததில் பொருந்தும் உள்ளத்தையும், கிடைக்காததை நேரிய வழியில் தேடும் துணிவையும், பக்கத்து வயலின் தாகத்தை உணரும் இதயத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.